முதல் தடவை காசுக்காக, பிறகு எதற்காக? எங்கள் கடலின் சுழியோடிகள் பற்றி ஒரு வரலாற்றுப் பதிவு

 

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் பாடசாலை முடிந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் நாங்கள் ஆசிரியர்கள் மூன்று பேர் படகுக்காகக் காத்து நின்றோம். இரண்டு வருடங்களுக்கு முன்பு சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டுப் போன எங்கள் மாணவன் ஒருவன் தலைமயிர் உப்பில் விறைத்தபடி, தோளில் காலி சிலிண்டரோடு வந்தான். இப்போது அட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறானாம். எங்களைக் கண்டதும் சிலிண்டரை மெல்லப் பின்னால் மறைத்தான். ஏதோ களவு செய்து பிடிபட்டவன் போல.

"நல்ல உழைப்போ தம்பி?" என்று கேட்டோம்.

"முதல் வருசம் காசுக்காகத்தான் சேர் இறங்கினனான். இப்ப சில நாள் எண்ணெய்க் காசுகூட வாறேல்ல. ஆனா இறங்காமல் இருக்கேலாமல் கிடக்கு."

ஏன் என்று கேட்டோம். தோளைக் குலுக்கினான். "தெரியேல்ல சேர். கீழ போனால் ஒவ்வொரு நாளும் வேற மாதிரி."

படகு வந்துவிட்டது. கேள்வி எங்களோடேயே ஏறி வந்தது. காசுக்காக இறங்குகிறவன் காசு வராத நாளிலும் ஏன் இறங்குகிறான்? பத்து வருடம், இருபது வருடம் அவனைத் தண்ணீருக்குள் கட்டி வைத்திருப்பது எது? இந்தக் கேள்விக்கு எங்கள் கடலின் வரலாற்றில் விடை இருக்கிறதா என்று தேடினோம். கிடைத்ததை உங்களோடு பகிர்கிறோம்.

முதலில் 1344ஆம் ஆண்டுக்குப் போவோம். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டுக் காற்றால் இலங்கைக் கரைக்கு அடித்துவரப்பட்டார். அவர் இறங்கிய இடம் புத்தளம் பக்கம். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசரான ஆரியச்சக்கரவர்த்தி. அரசருக்குப் பாரசீகம் விளங்கும் என்று இப்னு பதூதா எழுதுகிறார். ஒரு நாள் அவர் போனபோது அரசர் முன்னால் முத்துக்கள் குவிந்து கிடந்தன. அவருடைய ஆட்சிக்குட்பட்ட கடலில் குளித்து எடுத்தவை. உத்தியோகத்தர்கள் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அரசர் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். நீர் வந்த நாடுகளில் முத்துக்குளிப்பைக் கண்டிருக்கிறீரா என்று கேட்டார். பாரசீக வளைகுடாவில் கண்டேன் என்றார் பயணி. சில முத்துக்களைக் கையிலெடுத்து, அங்கே இதற்கு ஈடானவை உண்டா என்றார் அரசர். இதைவிடத் தாழ்ந்தவற்றைத்தான் கண்டேன் என்றார் இவர். மகிழ்ந்த அரசர் அந்த முத்துக்களை அவருக்கே கொடுத்துவிட்டார்.

ஒரு மன்னர் தூரதேசத்து விருந்தாளியிடம் கேட்க எவ்வளவோ இருந்திருக்கும். அவர் கேட்டது மற்றக் கடலில் எப்படிக் குளிக்கிறார்கள் என்பதை. இன்றைக்கும் சுழியோடிகள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி அதுதான். உங்கட பக்கம் என்ன ஆழம், தண்ணி தெளிவோ, என்ன கிடக்குது?

அதே இப்னு பதூதா வளைகுடாச் சுழியோடிகளைப் பற்றி எழுதும்போது, ஆமை ஓட்டால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டுவார்கள், இடுப்பில் கயிறு கட்டி இறங்குவார்கள் என்று சரியாகச் சொல்கிறார். ஆனால் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் அடியில் நிற்பார்கள் என்றும் கேட்டதை எழுதிவிட்டார். அது நடக்காத காரியம். மூச்சடக்கி வேலை செய்த முத்துச் சுழியோடிகள் சாதாரணமாக ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்தான் நின்றார்கள். கரையில் நிற்பவனுக்குச் சுழியோடியின் வேலை எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோதான் தெரிந்திருக்கிறது.

இனி எங்கள் வீட்டு வாசலுக்கு வருவோம். நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்று சொல்கிறது. அதற்குப் பிறகு வருவதுதான் இந்தப் பதிவுக்கு வேண்டியது. யானை, குதிரை ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உரியவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிவந்தது உடைந்தால் பாதிக்குப் பாதி. சாசனத்தில் சுழியோடி என்ற சொல் இல்லை. ஆனால் மரக்கலம் உடைவதற்குச் சட்டமே எழுதவேண்டிய கடல் இது என்பது தெரிகிறது. மூழ்கிய சரக்கைப் பங்கு போடவேண்டுமானால் அதை முதலில் ஒருவன் கீழே போய் எடுத்திருக்க வேண்டும். 800 வருடங்களுக்கு முன்பே இந்தத் துறையில் அப்படியான கைகள் இருந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இதற்கு ஒரு நூற்றாண்டின் பின் இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, சுழியோடிகளை மட்டும் பார்க்கவில்லை. அவர்களோடு வந்த மந்திரக்காரரையும் பார்த்தார். வணிகர்கள் கிடைப்பதில் பத்தில் ஒன்றை அரசனுக்கும், இருபதில் ஒன்றைச் சுறாவைக் கட்டுகிறவருக்கும் கொடுத்தார்கள் என்கிறார். எங்கள் பக்கத்தில் அவர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர். பிரித்தானியர் காலத்திலும் அரசாங்கமே அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் வெள்ளைக்காரனுக்கு நம்பிக்கை இருந்து அல்ல. கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் எந்த மதத்துச் சுழியோடியும் தண்ணீரில் கால் வைக்கமாட்டான். பயம் எப்போதும் இருந்தது. பயத்தோடேயே இறங்கினார்கள்.

முத்துக்குளிப்பு எப்படி நடந்தது? சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரையில் வெறும் மணலில் ஒரு நகரம் முளைக்கும். கீழக்கரை, தூத்துக்குடியிலிருந்தும், அரபு வளைகுடாவிலிருந்தும் சுழியோடிகள் வருவார்கள். ஒரு கல், ஒரு கயிறு, ஒரு கூடை. கல்லில் காலை வைத்தால் அது அடிக்கு இறக்கிவிடும். கைக்கு எட்டிய சிப்பியைக் கூடையில் வாரிப்போட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே நிற்பவர் தூக்குவார். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் தோணியில் இளைப்பாறுவார். பின் மாறிக்கொள்வார்கள். கீழே இருப்பவன் உயிர் மேலே கயிறு பிடிப்பவன் கையில்.

கரைக்கு வந்ததும் சுழியோடி தன் சிப்பிகளைத் தானே மூன்று குவியலாகப் பிரிப்பான். அதில் எந்த இரண்டு அரசுக்கு என்று தெரிவுசெய்வது உத்தியோகத்தர். மிஞ்சிய ஒன்று அவனுக்கு. எது தனக்கு வரும் என்று தெரியாததால் அவன் மூன்றையும் சமமாகத்தான் பிரிக்கவேண்டும். எங்கள் வகுப்பில் பின்னக் கணக்குப் படிப்பிக்கும்போது இதைத்தான் உதாரணம் சொல்கிறோம். 1906இல் மரிச்சுக்கட்டியில் இந்த வேலையைப் பார்த்தவர்களில் யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து போன இளம் உத்தியோகத்தர் ஒருவரும் இருந்தார். பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற லெனாட் வூல்ப் அவர்.

இனி எங்கள் கேள்விக்கு முக்கியமான கணக்கு. முத்து ஒவ்வொரு வருடமும் விளையாது. பார் வெறுமையாகிவிட்டால் வெறுமைதான். 1837க்குப் பிறகு 1855 வரை இலங்கையில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1891க்குப் பிறகு 1903 வரை மறுபடியும் இல்லை. பிறகு 1903 முதல் 1907 வரை தொடர்ந்து ஐந்து வருடம். 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரைக்கு வந்தன. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருமானம். அதைக் கண்டு ஒரு லண்டன் கம்பனி 1906இல் வருடம் 3 இலட்சத்துப் 10 ஆயிரம் ரூபாய் வாடகைக்கு, 20 வருடங்களுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பனி சில வருடங்களில் கலைந்து போனது.

கம்பனி போய்விட்டது. சுழியோடி போகவில்லை. இதைத்தான் நாங்கள் நிறுத்தி யோசித்தோம். 1837இல் இருபது வயதில் முத்துக் குளித்தவனுக்கு அடுத்த முத்துக்குளிப்பில் முப்பத்தெட்டு வயது. இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. முத்துக் காசு மட்டும்தான் காரணம் என்றால் அந்தத் தொழில் 1840களிலேயே செத்திருக்கவேண்டும். சாகவில்லை. சுழியோடிகள் இடையில் சங்குக்கு இறங்கினார்கள், அட்டைக்கு இறங்கினார்கள். பொருள் மாறியது, சந்தை மாறியது, அரசு மாறியது. கடலுக்குள் பார்க்கத் தெரிந்த கண் மாறவில்லை. அதைத் தகப்பன் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே வந்தான்.

அந்தக் கண் என்பது என்ன? சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடல் சங்கு வங்காளத்துக்குப் போய் டாக்காவில் வளையலாக அறுக்கப்பட்ட வரலாறு பலருக்குத் தெரியும். ஆனால் சங்கைக் கண்டுபிடிப்பது எப்படி? அது மணலில் புதைந்து கிடக்கும். மேலே பாசி படர்ந்திருக்கும். பழகாதவன் அதன் மேலேயே நீந்திப் போவான். பழகியவன் மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைப் பார்ப்பான். தடத்தின் எந்த முனை புதியது என்று பார்ப்பான். சங்கு மணலுக்குள் இருக்கும் புழுக்களைத் தின்று வாழ்கிறது. ஆகவே புழு இருக்கும் மணல் எது, வெறும் மணல் எது என்று பிரித்தறிவான். முட்டைக் கூடு நிற்கும் இடத்தில் தாய்ச்சங்கு பக்கத்தில் இருக்கும் என்று அறிவான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் கடலை ஆராய்ந்து சங்கைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதிய ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற விஞ்ஞானி, தனது ஆய்வில் இந்தச் சுழியோடிகளின் அறிவையும் துணையாகக் கொண்டார். பட்டம் இல்லாத விலங்கியல் ஆசிரியர்கள் அவர்கள்.

வலம்புரி பற்றியும் சொல்லவேண்டும். இலட்சக்கணக்கான சங்குகளில் ஒன்றுதான் வலம்புரி. வாழ்நாள் முழுக்கக் குளித்தும் ஒன்றைக்கூடக் காணாதவர்கள்தான் அதிகம். ஆனால் அடுத்த மூச்சில் கிடைக்கலாம் என்ற எண்ணம் ஒருவனை மறுபடி இறக்கும். இதை ஆசை என்றும் சொல்லலாம், சூது என்றும் சொல்லலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு மூத்த சுழியோடியிடம் இதைக் கேட்டோம். சிரித்துக்கொண்டு சொன்னார்: "வலம்புரிக்காக இறங்கினவன் ரண்டு மூண்டு வருசத்தில விட்டிட்டுப் போயிடுவான் மாஸ்டர். நிண்டு பிடிச்சவன் வேற என்னத்தையோ கண்டவன்." அந்த வேறு என்னமோவைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் சேர்ந்து, சிலிண்டர் காற்றைத் தேவைக்கேற்ப மூச்சுக்குக் கொடுக்கும் கருவியைச் செய்தார்கள். கல்லும் கயிறும் இல்லாமல் மனிதன் மீனைப் போல நீந்தலாம் என்ற காலம் வந்தது. 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இலங்கைக்கு வந்து தங்கிவிட்டார். விண்வெளியைப் பற்றி எழுதிய மனிதர் எங்கள் நாட்டுக்கு வந்த காரணம் கடலடி. விண்வெளியில் பாரமின்றி மிதப்பதற்கு மிக நெருக்கமான அனுபவம் தண்ணீருக்குள் கிடைக்கிறது என்பது அவர் எண்ணம். 1962இல் கடுமையான நோயால் உடல் முடங்கிப்போனார். தேறியபின் நடப்பது கஷ்டமாக இருந்த காலத்திலும் கடலுக்குள் இறங்கினார். கரையில் பாரமான உடம்பு தண்ணீருக்குள் பாரம் இழந்தது.

அவருடைய கூட்டாளி மைக் வில்சன் 1961இல் தென்கரைக்கு அப்பால் பெரிய ராவணா கோட்டைப் பாறைகளுக்கு அருகே இறங்கியபோது வெள்ளி நாணயங்களைக் கண்டார். கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தன. மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் ரூபாய்கள், சூரத்தில் அடித்தவை, ஹிஜ்ரி 1113, அதாவது 1702ஆம் ஆண்டு. படம் எடுக்கப் போனவர்களுக்குப் பாரசீக எழுத்துப் பொறித்த நாணயம் கிடைத்தது. அதன் பிறகு அந்தக் குழுவின் பேச்சு மீனிலிருந்து வரலாற்றுக்கு மாறிவிட்டது. எந்தக் கப்பல், எங்கே போனது, யாருடைய பணம்?

இதே கதை 2003 அளவில் எங்கள் நாட்டுச் சங்குச் சுழியோடிகளுக்கும் நடந்தது. அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயாவில் 30 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் சங்கு தேடியவர்கள் பழைய மட்பாண்டங்களையும் ஒரு கல் ஆசனத்தையும் கண்டு தொல்லியலாளருக்கு அறிவித்தார்கள். ஆராய்ந்தபோது அது ஏறக்குறைய 2000 வருடப் பழமையான கப்பல். இந்து சமுத்திரத்தில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்டவற்றுள் மிகப் பழையது. பல்கலைக்கழகம் போகாத சங்குக்காரனின் கண்ணில்தான் அது முதலில் பட்டது. அவன் அதை உடைத்து விற்காமல் சொன்னபடியால் நாடு அறிந்தது.

வருடக்கணக்காகக் குளிப்பவர்களை எல்லாம் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. முதல் கட்டத்தில் இழுப்பது காசு, அல்லது வீரம். பிறகு அது போதாமல் போகிறது. அப்போது ஒருவன் விட்டுவிடுவான், அல்லது புதிதாக ஒன்றைப் பார்க்கக் கற்றுக்கொள்வான். ஒருவன் மீன்களின் பழக்கத்தைக் கற்கிறான். ஒருவன் உடைந்த கப்பல்களைத் தேடுகிறான். ஒருவன் இளம் பிள்ளைகளைப் பழக்குகிறான். பல வருடம் நின்றவர்கள் ஏதோ ஒரு வகையில் மாணவனாகவோ ஆசிரியனாகவோ மாறியவர்கள். எங்கள் மாணவன் இறங்குதுறையில் சொன்ன "ஒவ்வொரு நாளும் வேற மாதிரி" என்பதன் பொருள் இதுதான். அவன் எங்கள் வகுப்பை விட்டுப் போனான். படிப்பை விடவில்லை.

ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

யுத்த காலத்தில் எங்கள் கடல் எங்களுக்கு இல்லாமல் போனது. பாஸ், தடை, எல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்களும் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. தீவுகளின் தமிழ் உறவுகளும் இடம்பெயர்ந்து எங்கெங்கோ போனார்கள். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. என்ன அறுந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறோம். தகப்பன் பிள்ளையைத் தோணியில் ஏற்றிப் பழக்கிய சங்கிலி அறுந்தது. 2009க்குப் பிறகு கடல் திறந்தபோது சிலிண்டர் வந்தது, என்ஜின் வந்தது, வாங்குபவர் வந்தார்கள். பழக்கிவிடும் மூத்தவர் பல இடங்களில் இல்லை.

மூச்சடக்கிக் குளித்த காலத்தில் மூச்சே வேலிபோல் நின்றது. மூச்சு முடிந்தால் மேலே வரத்தான் வேண்டும். சிலிண்டர் அந்த வேலியை எடுத்துவிட்டது. விஞ்ஞானப் பாடத்தில் நாங்கள் படிப்பிப்பதுதான். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. அமுக்கம் கூடினால் சுவாசிக்கும் நைதரசன் இரத்தத்திலும் இழையங்களிலும் கூடுதலாகக் கரைகிறது. சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் நுரைப்பது போல, ஆழத்தில் நெடுநேரம் நின்றவன் வேகமாக மேலே வந்தால் அது குமிழாகிறது. மூட்டில் நோவு, பிறகு கால் உணர்விழப்பு, சிலருக்கு வாழ்நாள் முழுவதும். 1908இலேயே ஹோல்டேன் என்ற விஞ்ஞானி எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றால் எப்படிப் படிப்படியாக ஏறவேண்டும் என்று அட்டவணை போட்டுவிட்டார். நூறு வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த அட்டவணையைக் கண்டிருக்கிறார்கள்?

"எங்கட கடல் ஆழமில்லைத்தானே சேர்" என்பார்கள். உண்மைதான், பாக்கு விரிகுடாவில் பெரும்பகுதி ஆழம் குறைவு. ஆனால் இரண்டு விடயம். ஒன்று, அட்டை குறையக் குறைய இவர்கள் ஆழக் கடலைத் தேடிப் போகிறார்கள், ஒரு நாளில் பல சிலிண்டர் முடிக்கிறார்கள். மற்றது போயிலின் விதி. 10 மீற்றரில் நுரையீரலை நிறைத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காகிறது. சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் சில மீற்றர் ஆழமே நுரையீரலைக் கிழிக்கப் போதும். மூச்சடக்கிக் குளித்த வாப்பாவிடம் பழகிய பிள்ளை, சிலிண்டரோடும் அதே பழக்கத்தில் மூச்சை அடக்கினால் அது உயிருக்கே ஆபத்து. ஒரு காலத்துக் கெட்டித்தனம் இன்னொரு காலத்தில் ஆளைக் கொல்லும்.

நாங்கள் மேலே சொன்ன அந்த மூத்த சுழியோடி இப்போது நடப்பதில்லை. ஒரு நாள் கடைசிச் சிலிண்டர் என்று இறங்கினவர், மேலே வந்து அரை மணித்தியாலத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. பின்னேரங்களில் மகன் அவரை இறங்குதுறைக்குக் கொண்டுவந்து கதிரையில் இருத்துவான். படகு வரும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்வி: "கீழ எப்பிடி, தெளிவோ?" எவ்வளவு கிடைத்தது என்று அவர் கேட்டதை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

தென்கொரியாவில் ஜேஜு என்ற தீவு இருக்கிறது. எங்களைப் போலக் காற்றும் கல்லும் நிறைந்த தீவு. அங்கே பெண்கள் மூச்சடக்கிக் கடலடியில் சிப்பியும் பாசியும் எடுக்கிறார்கள். அறுபது, எழுபது, எண்பது வயதுப் பாட்டிமார் இன்றைக்கும் இறங்குகிறார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய பண்பாட்டை மனிதகுலத்தின் மரபாகப் பதிந்தது. அவர்களுக்குச் சிலிண்டர் வாங்க வசதி இல்லாமல் இல்லை. வேண்டாம் என்று தாங்களே தீர்மானித்தார்கள். சிலிண்டர் வந்தால் கடல் சீக்கிரம் வெறுமையாகும் என்பது அவர்கள் கணக்கு. இறங்குமுன் நெருப்பைச் சுற்றி அமர்ந்து, மூத்தவள் இளையவளுக்கு நீரோட்டம், காலநிலை, ஆபத்து எல்லாம் சொல்கிறாள். தனியாக இறங்குவதில்லை. உன் மூச்சுக்கு மேல் ஆசைப்படாதே என்பது அவர்கள் முதல் பாடம். எண்பது வயது வரை அவர்களைக் கடலில் வைத்திருப்பது இந்தப் போதும் என்ற எண்ணமும், கூட்டும், சொல்லிக்கொடுக்கும் பழக்கமும்தான்.

சிலிண்டரை எறியுங்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. இன்றைய வாழ்க்கைச் செலவில் அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் மூன்று காரியம் எங்களால் முடியும்.

ஒன்று, சுழியோடும் பிள்ளையைப் "படிக்காதவன்" என்று பேசுவதை நிறுத்துவோம். அன்று அவன் சிலிண்டரைப் பின்னால் மறைத்ததற்குக் காரணம் நாங்கள்தான். வெட்கப்படுகிறவன் கேள்வி கேட்கமாட்டான். கேள்வி கேட்காதவன் அட்டவணையைக் கற்கமாட்டான். மேலே வந்தபின் கை கால் விறைத்தாலும் யாருக்கும் சொல்லாமல் படுத்துவிடுவான். உடனே சொன்னால் காப்பாற்றக்கூடிய நேரம் போய்விடும்.

இரண்டு, இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுவோம். கடலடிப் பார்களின் பெயர்கள், சோளகத்தில் எங்கே தெளியும், வாடையில் எங்கே கலங்கும், எந்தத் திட்டியில் எந்தக் காலத்தில் சங்கு முட்டையிடும், அப்போது ஏன் அங்கே கைவைக்கக் கூடாது. ஒரு கொப்பி போதும். எழுதாமல் விட்டால் அவர்களோடு கடலில் பாதி போய்விடும்.

மூன்று, அமுக்கப் பாடத்தைக் கரும்பலகையிலிருந்து இறங்குதுறைக்குக் கொண்டுபோவோம். ஒரு பலூனும் ஒரு சோடாப் போத்தலும் இருந்தால் அரை மணித்தியாலத்தில் விளக்கலாம்.

சூரா ரஹ்மானில் கடலிலிருந்து வெளிப்படும் முத்தும் பவளமும் அல்லாஹ்வின் அருட்கொடைகளாகச் சொல்லப்படுகின்றன. அருட்கொடை என்றால் அளவறிந்து எடுக்கவேண்டியது, நன்றியோடு பார்க்கவேண்டியது. காசுக்கு எடுப்பது தவறில்லை. ஆனால் பார்ப்பதற்காகவும் இறங்குகிறவன்தான் நெடுநாள் நிற்கிறான், பத்திரமாகவும் மேலே வருகிறான். கரையில் தனக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதை அவன் மறப்பதில்லை.

போன வியாழக்கிழமை அந்த மாணவனை வகுப்புக்கு வரச் சொன்னோம். முதலில் மறுத்தான். பிறகு வந்தான், கையில் ஒரு சங்கு முட்டைக் கூட்டோடு. வெறும் கூடு, குஞ்சுகள் போனபின் கரையொதுங்கியது. தரம் 8 பிள்ளைகள் சுற்றி நின்று கேட்ட கேள்விகளுக்கு முக்கால் மணித்தியாலம் பதில் சொன்னான். நாங்கள் பின்வாங்கில் இருந்து கேட்டோம். முடிவில் பலூனை வைத்து அமுக்கம் பற்றிச் சொன்னபோது அவன்தான் எல்லாரையும்விடக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது மெல்லக் கேட்டான்: "சேர், அந்த அட்டவணை தமிழில கிடைக்குமோ?"

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்களில் மருத்துவத் துறையிலோ கடற்படையிலோ சுழியோடிப் பயிற்சியிலோ இருப்பவர்கள் பிழை திருத்த உதவுங்கள். உங்கள் வீட்டில் கடலுக்குள் இறங்கிய மூத்தவர்கள் இருந்தால், அவர்கள் சொன்ன ஒரு பாரின் பெயரையாவது கீழே எழுதிவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாம்.